347 ரூபாய் 12 அணா

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் இப்போது படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு அவர்கள் கொடுத்தது: ‘அறிவே அறம்’. ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இந்தத் தலைப்பில் அரை மணி நேரம் பேசுவது ஒரு வேலையே இல்லை. பேசினேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள், பிள்ளைகள் காலில் விழ வந்தார்கள். கங்கைகொண்டானுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சாக்ரடீஸின் கட்சி நம்மில் பலருக்குத் தெரியும். தெரிந்தே எவனும் தப்பு செய்வதில்லை. எது நல்லது என்று உண்மையாகவே அறிந்தவன் அதைத்தான் செய்வான். ஆகவே தப்பு என்பது அறியாமைதான். அரிஸ்டாட்டில் இதை ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்திருந்தும் செய்கிறவர்களைக் கண் முன்னால் பார்க்கிறோமே என்றார். மேடையில் நான் சாக்ரடீஸ் பக்கம் நின்று பேசினேன். தலைப்பு அப்படி. உள்ளுக்குள் நான் அரிஸ்டாட்டில் கட்சி. அதற்குக் காரணம் புத்தகம் இல்லை, ஒரு பழுப்புக் கவர். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வ.உ.சி.

எங்கள் ஊரை இணையத்தில் தேடினால் பாதிப்பேருக்குக் கங்கைகொண்ட சோழபுரம்தான் வந்து நிற்கும். ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு இருக்கிறோமே தவிர, எங்களிடம் பெரிய கோபுரம் இல்லை. சிப்காட் இருக்கிறது, மான் சரணாலயம் இருக்கிறது, ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. மணியாச்சியில் கிளம்பும் ரயில் நாரைக்கிணறு தாண்டி எங்கள் ஊரைத் தொட்டு, தாழையூத்து வழியாகத் திருநெல்வேலி போகும். கிழக்கே ஒட்டப்பிடாரம். அங்கே 1872-ல் பிறந்தவர் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வந்த போதெல்லாம் இந்தத் தண்டவாளத்தில்தான் வந்திருப்பார். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து மணியாச்சிக்குப் போனதும் இதே தண்டவாளத்தில்தான். திரும்பி வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் வ.உ.சி.யை நாங்கள் ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘செக்கிழுத்த செம்மல்’ என்று இரண்டு பட்டத்தில் முடித்துவிடுவோம். ஐந்து மதிப்பெண் வினா. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 1906, பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. 1908-ல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, 1912 டிசம்பரில் விடுதலை. அதோடு புத்தகத்தை மூடிவிடுவோம். ஆனால் விடுதலைக்குப் பிறகு அந்த மனிதர் 24 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த 24 வருஷம் எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்கு அந்த 24 வருஷம்தான் முக்கியமாகத் தெரிகிறது.

சிறையில் எழுதிய இரண்டு நூல்களை வெளியே வந்தபின் அச்சிட்டார். ‘மெய்யறம்’ 1914, ‘மெய்யறிவு’ 1915. இரண்டு தலைப்பிலும் ‘மெய்’. தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்தான். வகுப்பில் இதைச் சொல்லிப் பலமுறை பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் செக்கில் கட்டப்பட்ட உடம்போடு ஒருவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதை யோசித்ததில்லை. ‘மெய்யறிவு’ பத்து அதிகாரம். தன்னை அறிதல் முதலில் வருகிறது. உடம்பை வளர்த்தல் மூன்றாவதாக வந்துவிடுகிறது. மறங்களைதலும் அறம்புரிதலும் அதற்குப் பின்னால்தான். துறவி எழுதிய நூலானால் உடம்பு இவ்வளவு முன்னால் வந்திருக்குமா என்று தெரியவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர் எழுதியது, அதனால் வந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சிறு நூல்களை அவர் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ அதில் ஒன்று. எண்ணம் எப்படியோ வாழ்க்கை அப்படி என்பது அதன் சாரம். இன்றைக்குச் சுய முன்னேற்றப் பேச்சாளர்கள் எல்லாரும் ஓட்டுகிற வண்டி அதுதான். ஐயா, உங்கள் எண்ணத்தில் என்ன குறை இருந்தது? பிறகு ஏன் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைக்கவேண்டி வந்தது? தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது போயிற்று, கம்பெனி போயிற்று, கப்பல் போயிற்று. வறுமை எண்ணத்திலிருந்து வரவில்லை, வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. சிறைக்குள் ஒருவனுக்கு அந்த நூல் ஊன்றுகோலாக இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஊன்றுகோலை வழிகாட்டி மரமாக நட்டுவிடக் கூடாது.

இப்போது 347 ரூபாய்க்கு வருகிறேன். ஆ.இரா.வேங்கடாசலபதி இதைக் கடிதங்களை வைத்துத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். வாங்கிப் படியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் ஆட்கள், வ.உ.சி. கஷ்டப்படுவதைக் கேள்விப்பட்டு, பணம் பிரித்து காந்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் வ.உ.சி. கைக்கு வந்து சேரவில்லை. 1915-ல் காந்தி சென்னைக்கு வருகிறார். தம்புச்செட்டித் தெருவில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கியிருக்கிறார். வ.உ.சி. பார்க்கவேண்டும் என்று கடிதம் எழுதுகிறார். சில நிமிஷம் ஒதுக்குகிறேன் என்று பதில் வருகிறது. சில நிமிஷத்தில் என் பேச்சு முடியாதே என்று இவர் எழுதுகிறார். அப்புறம் சந்திக்கிறார்கள். பணப் பேச்சும் கடிதத்தில் வருகிறது. யார் கொடுத்தது, எவ்வளவு என்பது காந்திக்கு நினைவில்லை. விசாரித்துச் சொல்லவேண்டும். மாதங்கள் போகின்றன. வ.உ.சி. மறுபடி எழுதுகிறார், மறுபடியும் எழுதுகிறார். தனக்குப் பணம் தேவைப்படுகிறது என்பதை மறைக்கவே இல்லை. 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்கிறது: 347 ரூபாய் 12 அணா.

முகநூலில் இதை வைத்துக் காந்தியைத் திட்டுகிறவர்கள் ஒரு கூட்டம், மூடி மறைக்கிறவர்கள் ஒரு கூட்டம். இரண்டுமே எனக்கு வேண்டாம். காந்தி திருடவில்லை, மறந்தார். பொதுப்பணத்தில் காலணாவுக்கும் கணக்கு எழுதிய மனிதருக்கே ஒரு கணக்கு நழுவியிருக்கிறது. என் கவனம் வ.உ.சி. மேல். அவர் கேட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர், கப்பல் கம்பெனி நடத்தியவர், தன் பேரில் வசூலான பணத்தைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நம் ஊர்ச் சட்டப்படி இது கௌரவக் குறைச்சல். ‘பெரிய மனுசன் காசைக் கேப்பானா?’ என்பார்கள். அவர் கேட்டது அறம் என்கிறேன் நான். கொடுக்கவேண்டியவர் தன் கடமையை முடிக்க ஒரு வழி செய்து கொடுத்தது அந்தக் கேள்விதான்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, அதற்கடுத்து குற்றங்கடிதல் என்று அதிகாரங்கள் வரிசையாக வரும். அங்கே கேள்வி என்றால் கற்றவர்களிடம் காதால் கேட்பது. நம் மொழியில் ஒரே சொல்தான், காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும். 31 வருஷம் நான் பிள்ளைகளுக்குக் காதால் கேட்க மட்டும்தான் கற்றுக்கொடுத்தேன். வாரத்தில் ஒரு பிரிவேளை நீதிபோதனை. கையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் ஒழுக்கமான பையன். ‘சார், நீங்க சொன்னது தப்பு’ என்று எழுந்து நிற்கிறவன் அதிகப்பிரசங்கி. ஒழுக்கத்துக்கு நாங்கள் கொடுத்த மார்க் முக்கால்வாசி மௌனத்துக்குக் கொடுத்த மார்க்.

சரி, கவர்.

1994. ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். ஒரு பையனுக்கு அப்பா இறந்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகள் நாலணாவும் எட்டணாவும் போட்டார்கள், ஆசிரியர்கள் பத்தும் இருபதும். 186 ரூபாய் சேர்ந்தது. கவரில் போட்டுப் பையன் பெயரை எழுதி என் அலமாரியில் வைத்தேன். விசேஷம் முடிந்து அவன் வந்ததும் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரி. மாசக் கடைசி. கவரைப் பிரித்தேன். ஒன்றாம் தேதி சம்பளத்தில் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். பையன் ஒன்றாம் தேதிக்கு முன்பே வந்துவிட்டான். ஒன்றாம் தேதி வேறு கடன்காரர் வந்துவிட்டார். அடுத்த மாதம் வைக்கலாம் என்றிருந்தேன். அதற்கடுத்த மாதம் அந்தப் பையன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு நிஜமாகவே மறந்துபோனது.

இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அந்த வருஷம் அறிவுடைமை அதிகாரத்தை நடத்தியவன் நான். நீதிபோதனைப் பிரிவேளையும் என்னுடையதுதான். அடுத்தவன் பணத்தைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? சாக்ரடீஸ் வந்தால் ‘உனக்கு உண்மையாகவே தெரியவில்லை, தெரிந்ததாக நினைத்தாய்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். அது வாதத்துக்கு ஆகும். என் அனுபவம் வேறு. எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. தெரிந்தது கவரைப் பிரிக்கும்போது குறுக்கே வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் மறதி வந்தது. மறதி நடுநிலையானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரவேண்டியதில் ஒன்றைக்கூட நான் மறந்ததில்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘என்ன காந்தி இது, ஒரு ஏழையின் பணத்தை இப்படியா மறப்பது’ என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கிருந்தோ அந்தப் பழுப்புக் கவர் வந்தது. என் கையெழுத்தில் அவன் பெயர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரியும். நாலுவழிச் சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவதும் காற்றுப் பிடிப்பதும் வருஷக்கணக்காக அங்கேதான். ஒரு தடவைகூடக் காசு வாங்கியதில்லை. ‘சாருகிட்ட காசு வாங்கவா?’ என்பார். நானும் குருபக்தி என்று நினைத்துப் பெருமையாகக் கிளம்பி வந்துவிடுவேன்.

திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு கேள்வி கேட்டாள். “இப்பம் கொண்டு குடுத்தா உங்களுக்கு நிம்மதி. அந்தப் பயலுக்கு என்ன?” பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. நன்மை செய்கிறோம் என்ற பெயரில் நம் நெஞ்சுக்குக் களிம்பு தடவிக்கொள்வது உண்டுதான். ஒரு வாரம் போகவில்லை. அப்புறம் யோசித்தேன்: என் நோக்கம் சுத்தமாகும் வரை காத்திருந்தால் அந்தப் பணம் இன்னொரு 30 வருஷம் என்னிடமே இருக்கும். நோக்கம் எப்படியும் போகட்டும், பணம் அவருடையது. வட்டிக் கணக்கு எப்படிப் போட்டும் சரியாக வரவில்லை. 5,000 ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு போனேன்.

முழுக்கதையையும் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்: “தெரியும் சார். அன்னைக்கே தெரியும். நான் வந்த அன்னைக்கே பயலுவ சொல்லிட்டானுவ, ஒனக்கு காசு பிரிச்சிருக்கோம்னு.”

எனக்கு வாய் அடைத்துப்போனது. பிரித்தது 45 பிள்ளைகள், அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்பதுகூட 30 வருஷம் என் புத்திக்கு எட்டவில்லை.

“பின்ன ஏம்பா கேக்கல?”

“அம்மட்ட சொன்னேன். சாரு தருவாவ, நாமளா கேக்கப்பிடாதுன்னுட்டா. கொஞ்ச நாளு தெனம் கேப்பா, சாரு குடுத்தாவளான்னு. பெறவு அவளும் கேக்கல.”

“அம்மா இப்பம்?”

“போயிட்டா சார். ஆறு வருசம் ஆச்சு.”

அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். 186 ரூபாய் இருந்திருந்தால் மேலே படித்திருப்பார் என்று சொல்ல மாட்டேன், அப்படி சினிமாக்கதை பண்ண விருப்பமில்லை. ஆனால் அந்த அம்மா தினமும் வாசலில் நின்று கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்த வட்டிக் கணக்கும் இல்லை. கேட்கக்கூடாது என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம்தான். வாத்தியார், மேஸ்திரி, முதலாளி, அதிகாரி என்று கொடுக்கவேண்டிய இடத்தில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து ‘கேட்பது மரியாதை இல்லை’ என்ற நீதியை உண்டாக்கி வைத்திருக்கிறோம். யாருக்கு வசதி அது?

வ.உ.சி.யிடம் இன்னொன்றும் உண்டு. வரவேண்டியதைக் கேட்ட மனிதர், தரவேண்டியதையும் எழுதி வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் இறந்தார். அதற்கு முன் எழுதிய உயிலில் வீட்டு வாடகை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி, ஜவுளிக்கடை பாக்கி என்று கடன்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதி அதை அச்சிலும் பார்த்தவர். அந்த உரைக்கு இணையாக எனக்கு அந்தக் கடன் பட்டியல் தெரிகிறது. சாக்ரடீஸும் விஷம் குடித்துவிட்டுக் கால் மரத்துப்போன பிறகு கடைசியாகக் கிரிட்டோவிடம் சொன்னது, அஸ்கிளிப்பியஸ் தெய்வத்துக்கு ஒரு சேவல் பாக்கி இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்றுதான். அதற்கு அறிஞர்கள் ஆயிரம் தத்துவ விளக்கம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது வெறும் சேவல் பாக்கி என்றே படுகிறது. அவருடைய வாதத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு, அந்தச் சேவலில் இல்லை.

அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. ஆஷ் சுடப்பட்ட செய்தி சிறையில் காதுக்கு வந்தபோது மகிழ்ந்ததைத் தன் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மெய்யறம் எழுதியவர் இப்படியா என்று கேட்கலாம். ஆனால் அதே மனிதர், 1908-ல் தன்னை விசாரணைக்கு அனுப்பிய மாஜிஸ்திரேட் வாலீஸ், பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது தனக்குச் சன்னது திரும்பக் கிடைக்க உதவியதை மறக்காமல், பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் அவர் கணக்கில் ஆஷ் பக்கம் வேறு, வாலீஸ் பக்கம் வேறு. ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதவில்லை. வெறுப்பில் இருக்கும்போது இது எவ்வளவு கஷ்டம் என்பது சாதிச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பள்ளியில் இதைத்தான் பேசியிருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். நீதிபோதனைப் பிரிவேளையில் நீதி சொல்லவேண்டாம், ஒரு நோட்டைக் கொடுத்து ‘நீ யாருக்கு என்ன தரவேண்டும், எழுது’ என்று சொல்லுங்கள். ரப்பர், பென்சில், நாலு ரூபாய், ஒரு மன்னிப்பு, எதுவானாலும். மறுபக்கத்தில் உனக்கு யார் என்ன தரவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அதில் வாத்தியார் பெயர் இருந்தாலும் எழுதலாம், கேட்கலாம் என்று சொல்லுங்கள். வாத்தியார்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

கவரை அவர் வாங்கினாரா என்று கேட்பீர்கள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். என் எதிரிலேயே எண்ணினார். சட்டைப்பையில் வைத்தார். வேண்டாம் சார், இருக்கட்டும் சார் என்று ஒரு பேச்சும் பேசவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அன்றைக்கு என் வண்டிக்கு உண்மையிலேயே பஞ்சர். ஒட்டி, காற்றுப் பிடித்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.

“எம்பது ரூவா சார்” என்றார்.

கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் காசு வாங்குகிறார். இந்தப் பதிவைப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

அன்று ராத்திரி ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். இதுவரை பதினொன்று இருக்கிறது. மூன்றுபேர் உயிரோடு இல்லை. நான்கு பணம், மிச்சம் பணமில்லாதது. 1989-ல் ஒரு பையனைத் திருடன் என்று வகுப்பு முன்னால் நிறுத்தி அடித்திருக்கிறேன், பேனா அடுத்த நாள் வேறு இடத்தில் கிடைத்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். என் நோட்டில் விட்டுப்போனது ஏதாவது உங்களுக்கு நினைவிருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். லைக் வேண்டாம்.